உங்களுக்குத் தெரியுமா? மாவு குறைந்த விருந்து, மல்லாட்டை ஊரிலிருந்து

● திருவண்ணாமலை வட்டாரத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். போளூர், செங்கம், வந்தவாசி என்று மாவட்டம் முழுக்க அது விளையும் மண். தமிழ்நாட்டில் நிலக்கடலைச் சாகுபடியில் முன்னணியில் இருக்கும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. உரித்துக் காயவைத்த 100 கிராம் பருப்பில் புரதம் சுமார் 25 கிராம். மாவுச்சத்து 16, 17 கிராம்தான். அதிலும் பாதி நார்ச்சத்து. அதே எடை உருளைக்கிழங்கு சிப்ஸில் மாவுச்சத்து 50 கிராமைத் தாண்டும். குழந்தையின் பிறந்தநாள் தட்டில் சிப்ஸ் கொட்டும் இடத்தில் வேகவைத்த மல்லாட்டையைக் குவித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

● மாவுச்சத்து என்றவுடன் சோறும் மைதாவும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாமே அந்தக் கணக்கில் சேர்பவைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு. அதாவது ஏழு பேரில் ஒருவர். அதே ஆய்வு 2025-இல் இன்னொன்றும் சொன்னது: நாம் சாப்பிடும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது.

ஏழு பேரில் ஒருவர் என்றால், வீட்டில் பத்துப் பேரைக் கூப்பிட்டு விழா வைத்தால் அவர்களில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்க வாய்ப்பு அதிகம். பலகாரத் தட்டு சுற்றி வரும்போது "தாத்தாவுக்கு வேண்டாம்" என்று அவரைத் தாண்டிப் போகிறதே, அந்தத் தட்டை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாதம் இந்தத் துணுக்குகள்.

● சாமை, ராகி, வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். ஜவ்வாது மலையில் விளையும் சாமை நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் சாமையில் சுமார் 66 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ராகியிலும் வரகிலும் ஏறக்குறைய அதே அளவு. தீட்டிய அரிசியில் 78. வித்தியாசம் 12 கிராம்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது தனி நன்மை. சாமையில் முறுக்குச் சுட்டுவிட்டு "இது டயட் முறுக்கு" என்று இரண்டு கை அள்ளினால் பலன் ஒன்றும் இல்லை. ஜவ்வரிசி இன்னும் மோசம்; அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த வெறும் மாவு.

● வெள்ளரியில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். மாவுச்சத்து 100 கிராமுக்கு 4 கிராம்கூட வராது. கிரிவலப் பாதையில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தரும் வெள்ளரிப்பிஞ்சை அப்படியே விருந்துக்குக் கொண்டுவரலாம். தீபத் திருநாள் ஊருக்கு ஏற்ற வடிவம் ஒன்றும் இருக்கிறது, வெள்ளரி அகல். பருமனான வெள்ளரியை இரண்டு விரற்கடை உயரத்துக்கு வட்டமாக வெட்டுங்கள். நடுவில் தேக்கரண்டியால் குடைந்து விதையை எடுங்கள். அடியில் ஓட்டை விழக்கூடாது. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் பச்சைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் இடித்த மல்லாட்டை கலந்து குழியில் நிரப்புங்கள். மேலே கேரட்டைச் சுடர் போலச் சீவி நட்டுவிட்டால் அகல் தயார். உப்பை மட்டும் கடைசி நிமிடத்தில் சேருங்கள். முன்னாடியே சேர்த்தால் வெள்ளரியிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், அகல் மிதக்கும்.

தயிரை ஏன் தொங்கவிட வேண்டும் என்றால், பாலிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி வடியும் தண்ணீரோடு போய்விடுகிறது. பன்னீருக்கும் இதே காரணம்தான்.

● பன்னீரைக் கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டு ஓர் எலுமிச்சையைப் பிழிந்தால் திரியும். வடிகட்டி, துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவைத்தால் 150 முதல் 200 கிராம் பன்னீர் கிடைக்கும். பகடை போலச் சதுரக் கட்டிகளாக வெட்டி, கூர்க்குச்சியால் சின்னக் குழிகள் குத்தி, கறுப்பு எள்ளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு முகத்தில் 1, எதிர் முகத்தில் 6. இன்னொன்றில் 2, எதிரே 5. மிச்சத்தில் 3, அதற்கு எதிரே 4. பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வர வேண்டும் என்பது விதி. எள் பதிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். உருட்டி விளையாடியபின் விழுந்த எண்ணைச் சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். பன்னீர் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளையும் இதைச் சாப்பிடும்.

● பல்லாங்குழிப் பலகையில் 14 குழிகள். அதைவிட அழகான பலகாரத் தட்டு நம் வீடுகளில் இருக்கிறதா? நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு குழியிலும் சின்ன வாழையிலைத் துண்டு வைத்து, வறுத்த மல்லாட்டை, தேங்காய்ச் சில்லு, பூசணி விதை, பொடியாக நறுக்கிய மாங்காய் என்று நிரப்பி ஆடவிடுங்கள். ஜெயித்த குழியைச் சாப்பிடலாம்.

● இந்த ஊர் மலைமேல் பாடப்பட்ட ஒரு சமையல் குறிப்பு உண்டு. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதில், திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர். பிறகு அவருடைய தாயார் அழகம்மாளும் இங்கேயே வந்து அவரோடு தங்கினார். அம்மா அப்பளம் இடும்போது மகனையும் உதவிக்குக் கூப்பிட, அவர் எழுதிக்கொடுத்ததுதான் அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் என்று அசல் அப்பளத்தின் பொருள்கள் அத்தனையும் வரிசையாக அதில் வரும். ஒவ்வொன்றும் ஞான மார்க்கத்தில் ஒரு படி. இடித்துப் பொடியாக்கப்படும் உளுந்து நான் என்னும் எண்ணம். பிரண்டைச் சாறு நல்லோர் சேர்க்கை. பின்னாளில் ரமணாசிரமச் சமையலறையிலும் விடியுமுன்பே உட்கார்ந்து காய் நறுக்கியவர் அவர்.

அந்த அப்பளம் விருந்துக்கு மிக உதவும். 100 கிராம் அப்பளத்தில் சுமார் 52 கிராம் மாவுச்சத்து என்பது கேட்கப் பெரிதாக இருக்கலாம். ஒரு சின்ன அப்பளத்தின் எடை 6, 7 கிராம்தான் என்பதால் ஒன்றுக்கு 3, 4 கிராமோடு நின்றுவிடும். எண்ணெயில் பொரிக்காமல் நேரடித் தணலில் சுடுங்கள். சுட்ட கையோடு சில நொடிகள் அது வளையும். அதற்குள் கூம்பாகச் சுருட்டிவிட வேண்டும், ஆறினால் உடையும். துருவிய தேங்காய், பொடித்த மல்லாட்டை, வெள்ளரி, மாங்காய், கொத்தமல்லி கலந்து கூம்பில் நிரப்பி உடனே கையில் கொடுங்கள். ஐஸ்கிரீம் கூம்பு மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நிரப்பி வைத்துக் காத்திருந்தால் நமத்துவிடும். வாங்கும்போது உளுந்து அப்பளம்தானா, மைதாவோ அரிசி மாவோ கலந்ததா என்று உறைமேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். அப்பளத்தில் உப்பு தூக்கல், ஆகவே உள்ளே வைக்கும் கலவைக்கு உப்பே வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு கூம்பு போதும்.

● மாவில்லாமல் பணியாரம் சுட முடியும். முட்டை நான்கு, ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், மிளகுத்தூள், உப்பு. எல்லாவற்றையும் அடித்து, பணியாரக் கல்லில் துளி நல்லெண்ணெய் விட்டு ஊற்றித் திருப்பிப் போட்டால் ஒரு டஜன் கிடைக்கும். மொத்தத்துக்கும் மாவுச்சத்து 10 கிராமை ஒட்டித்தான் வரும், அதுவும் வெங்காயத்திலிருந்தும் கீரையிலிருந்தும். முட்டை சாப்பிடாத வீடுகளில் துருவிய காலிஃபிளவரும் உதிர்த்த பன்னீரும் சம அளவு எடுத்து, மல்லாட்டைப் பொடி கொஞ்சம் தூவிப் பிசைந்து, உருட்டி அதே கல்லில் போடலாம்.

● காலிஃபிளவர் இந்தியாவுக்கு 1822-இல்தான் வந்தது. இங்கிலாந்திலிருந்து விதை கொண்டுவந்து சகாரன்பூர் தோட்டத்தில் பயிரிட்டார்கள். 100 கிராமில் 5 கிராம் மாவுச்சத்து.

● வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் ஏன் வருகிறது? அதிக நேரம் வெந்தால் வெள்ளைக் கருவிலுள்ள கந்தகமும் மஞ்சள் கருவிலுள்ள இரும்பும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் இறக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் வராது. பிறகு முட்டையின் மேல்பகுதியை வாள்பல் மாதிரி வளைத்து வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மிளகும் கொஞ்சம் தயிரும் சேர்த்து மசித்துத் திரும்ப நிரப்பி, கறுப்பு எள்ளால் கண்ணும் கேரட்டால் மூக்கும் வைத்தால் ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் கோழிக்குஞ்சு. கண்ணுக்கு மிளகு வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கடித்துவிட்டு அழுவார்கள்.

● வாழைப்பூவை ஆய்ந்தபின் சிவப்பு மடல்களைத் தூக்கி எறிகிறோம். படகு வடிவத்தில், கழுவினால் பளபளவென்று, காசு கொடுக்காமல் கிடைக்கும் தட்டு அது. சுண்டலோ சாலடோ எதை வைத்தாலும் அழகு. பூவை என்ன செய்வது? கள்ளனை நீக்கி, கறுக்காமலிருக்க மோரில் போட்டு வையுங்கள். கடலைப்பருப்பைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பாதிக்கு மல்லாட்டையைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து வடை தட்டுங்கள். ருசி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

● கார்த்திகைக்கு வீட்டுக்கு வீடு பொரி உருண்டை. நெல் பொரியோ அவல் பொரியோ வெல்லப் பாகில் உருட்டியது. எடைக்குப் பார்த்தால் பொரியில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ மாவுச்சத்துதான். பாகு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் பொரியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவசியமும் இல்லை. தானியத்துக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி உள்ளிருந்து விரிப்பதால் பொரி உப்புகிறது. அதனால் கப் நிறைய அளந்தாலும் எடை 15 கிராம் அளவில்தான் இருக்கும். இந்த லேசான தன்மையை நமக்குச் சாதகமாக்கலாம். ஒரு கப் பொரிக்கு இரண்டு கப் வேறு பொருள்கள்: வறுத்த மல்லாட்டை, வெள்ளரி, மாங்காய், தேங்காய்த் துருவல், வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சை பிழிந்து கிளறினால் மொறுமொறுப்பும் இருக்கும், கார்த்திகையின் வாசமும் போகாது. உருண்டையை சுவாமிக்கு நைவேத்தியம் செய்யுங்கள். ஆளுக்கு ஒன்று பிரசாதம். விருந்து மசாலாப் பொரியில் நடக்கட்டும்.

● தீபத்தன்று மாலை மலையுச்சிக் கொப்பரையில் ஏறும் நெய் ஆயிரக்கணக்கான கிலோ என்று கணக்குச் சொல்வார்கள். மலையின் உயரம் 2,668 அடி. நெய்யில் மாவுச்சத்து அறவே இல்லை.

● மாவைக் குறைக்கும் யோசனை புதிதல்ல. லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பான்டிங், தன் பருமன் குறைந்த கதையை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டவர் அவர். தமிழில் இதை வீட்டுக்கு வீடு பேசவைத்தவர் ‘பேலியோ டயட்’ நூலை எழுதிய நியாண்டர் செல்வன். காலையில் நூறு பாதாம் என்பது ஒரு காலத்தில் தமிழ் முகநூலில் மந்திரம் போல ஒலித்தது. பேலியோ முறையில் வேர்க்கடலைக்கு இடமில்லை, பருப்பு வகை என்று ஒதுக்கிவிடுவார்கள். மாவு குறைவாக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் அப்படி ஒதுக்கக் காரணமில்லை. பாதாம் மாவில் கேக் செய்ய ஆகும் செலவில் தெருவுக்கே மல்லாட்டை வேகவைத்துப் போடலாம் என்பது என் கட்சி.

● சாத்தனூர் அணைக்குப் போனவர்களுக்கு அங்கே வறுத்துத் தரும் மீன் நினைவிருக்கும். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1958-இல் முடிந்த அணை அது. மீனில் மாவுச்சத்து கிடையாது. மசாலாவில் சோளமாவு கலக்காமல் வறுத்தால் விருந்தின் முதல் ஐட்டம் அதுதான்.

● இனிப்புக்கு என்ன வழி? இங்கேதான் நம்மை நாமே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். வெல்லத்தில் 100-க்கு 85 பங்கு மாவுச்சத்து. மலைத்தேனில் சுமார் 80. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் அதே குடும்பம். சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறையாது. அதனால் இனிப்பின் அளவைக் குறைத்து வாசனையைக் கூட்டுவதே நல்ல வழி. இளநீர் வழுக்கையை அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கலந்து, குளிரவைத்துச் சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். வழுக்கையின் இயல்பான இனிப்பு போதும். கோடையில் விழா வந்தால் நுங்கு. மற்ற நாட்களில் கொய்யாக் கீற்று, உப்பு, மிளகாய்த்தூள். தேங்காயைப் பற்றி ஒரு கணக்கு: பச்சைத் தேங்காய் 100 கிராமில் மாவுச்சத்து 15 கிராம், அதில் 9 கிராம் நார்ச்சத்து.

● கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். விருந்து மேசையை அப்படி அடுக்கினால் பிள்ளைகளுக்குக் குஷி. நடுவில் ஏற்றிவைத்த ஓர் அகல் விளக்கு, சுற்றிலும் எட்டுக் கிண்ணத்தில் எட்டு வகை. கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று பெயர் சொல்லிக்கொண்டே வலமாகச் சுற்றி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுக்க வேண்டும். மலையையே பன்னீரில் பிடித்து நடுவில் வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த ஊரில் மலைதான் சுவாமி. அதைக் கத்தியால் வெட்டிப் பரிமாற வேண்டாம்.

● 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணத்தைத் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயரை உலகம் அறிந்தது அதன்பிறகுதான். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அது, வறுத்தாலும் முழுதாக அழியாது. ஈரம் போகக் காயவைத்த கடலையில் பூஞ்சை பிடிக்காது. ஆகவே மல்லாட்டை வாங்கிவந்தால் முறத்தில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கித் தூர எறியுங்கள். கசந்த கடலையை விழுங்காமல் துப்பிவிடப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

● ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை கூடாது, தொண்டையில் அடைக்கும். இடித்தோ விழுதாக அரைத்தோ கொடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு. விருந்துக்கு வரும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஓடியாடும் பிள்ளைகளுக்குச் சோற்றையும் பழத்தையும் அறவே நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. தட்டில் மாவுச்சத்து குறையட்டும், முழுக்கக் காணாமல் போக வேண்டாம்.

● சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் ஒரு வேளை மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். உணவு மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பன்னீர், முட்டை, கடலையின் அளவையும் கேட்க வேண்டும். மற்றபடி, அடுத்த முறை வீட்டில் விழா வரும்போது பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு தட்டில் இரண்டு மாரி பிஸ்கட் வைக்காதீர்கள், அதுவும் மைதாதான். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கும் அதே கிண்ணங்களை அவர்கள் முன்னாலும் வையுங்கள்.